ஒரே ஒரு தேரை

இருட்டில் கேட்கிற சத்தத்துக்குப் பெயர் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நான் தவளைக் குரல்களைக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான். தவளை மேல் பாசம் பொங்கி வழிந்து அல்ல. கல்யாணமாகி எல்மர் வீட்டுக்கு வந்த முதல் வசந்தத்தில், கொல்லைக்கதவைத் திறந்தால் ஏரிக்கரைச் சதுப்பு மொத்தமும் கத்தியது. யாரோ குறட்டை விட்டார்கள், யாரோ விசிலடித்தார்கள், யாரோ தொண்டைக்குள்ளேயே சிரித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தி, தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடந்தேன். எல்மர் பக்கத்தில் படுத்தபடி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான். குறட்டை விடுவது சிறுத்தைத் தவளை. விசிலடிப்பது கீச்சான், கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். சீப்பின் பல்லை விரலால் வருடுகிற மாதிரி கேட்பது சீப்புத் தவளை. அது மட்டும் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நான் முடி வெட்டுகிறவள். நாள் முழுக்கக் கையில் சீப்புதான்.

அதற்குப் பிறகு முப்பது வசந்தம் ஓடிவிட்டது. இன்னமும் எனக்கு நீச்சல் தெரியாது. சதுப்புத் தண்ணீரில் கணுக்காலைக்கூட நனைத்ததில்லை. மண்கரை மேல் நின்று கேட்பதோடு சரி. ஊரில் எங்களைத் 'தவளைக்காரர்கள்' என்பார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். பனி உருகியதிலிருந்து கோடை வரை, ஆளுக்கு ஓர் இடமாகப் பிரிந்து, சூரியன் மறைந்த பிறகு போய் நிற்போம். விளக்கை அணைத்து, வாயை மூடி, மூன்று நிமிடம் கேட்போம். எது கூப்பிட்டது, எத்தனை கூப்பிட்டன என்று எழுதுவோம். அவ்வளவுதான் வேலை. பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். எனக்கு அது மருந்து. பெயர் தெரிந்த சத்தங்களுக்கு நடுவே நிற்கும்போது நான் எதற்கும் பயப்பட்டதில்லை.

எங்களுக்குத் தலைவி மாதிரி ஃபெர்ன் லாக்ஹார்ட். பள்ளியில் சங்கீதம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் காதைத்தான் நாங்கள் எல்லோரும் நம்புவோம். அந்த மே மாதம் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் கூடியிருந்தபோது, எல்மர் எழுந்து, மணல்மேட்டுப் பக்கம் ஃபௌலர் தேரை என்கிற அபூர்வ வகையின் குரலைக் கேட்டதாகச் சொன்னான். எங்கள் சதுப்பில் அந்தத் தேரையைக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அழிந்தே போயிற்று என்று எல்லோரும் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தோம்.

ஃபெர்ன் சிரித்துக்கொண்டே, "எல்மர், பள்ளிக்கூட பஸ் ஓட்டின காது அது. உள்ள உக்காந்து பிள்ளைங்க கத்தினது இன்னும் வெளியே போகலையோ என்னவோ" என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்மர் தன் தட்டிலிருந்த வெண்ணெய்ப் பணியாரத்தை இரண்டாகப் பிட்டான். இரண்டையும் சாப்பிடாமல் அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் எங்கள் முறை வந்தது. ஏரியிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்த சாயங்காலம். மே மாதத்துக்கு அதிகமான குளிர். வண்டியை மண்கரை முனையில் நிறுத்தியதும் எல்மர் பின்பக்கம் போய், இடுப்பு வரை வரும் ரப்பர் பூட்ஸை இழுத்து மாட்ட ஆரம்பித்தான்.

"இது எதுக்கு?" என்றேன்.

"மணல்மேட்டுக்குப் போறேன். கிட்டப் போய்க் கேட்டு, போன்ல பதிவு பண்ணிட்டு வர்றேன். நீ வழக்கமான இடத்துல நில்லு."

"இன்னும் அந்தக் கோவம் போகலையா?"

"நீயும் சிரிச்ச."

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நடுக்கூடத்துல உக்காந்து அழச் சொல்றியா?"

"வேற யாரு நம்பலைன்னாலும் நீ என் காதை நம்பணும், வாண்டா."

"நம்பறேனே. போன வாரம் கெட்டில் ஊதினதுக்குப் போனை எடுத்து ஹலோன்னு சொன்ன காதுதானே அது?"

அவன் சிரிக்கவில்லை. பூட்ஸ் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது.

"கரை வழியாச் சுத்திப் போ! குறுக்கே போய்த் தொலையாத!" என்று கத்தினேன்.

"நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினான்.

குறுக்கே போகாதே என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கரைக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் சம்பங்கோரை காடாக வளர்ந்து கிடக்கிறது. பார்த்தால் தரை மாதிரி இருக்கும். தரை இல்லை. பழைய வேர்களும் சருகும் பின்னிப்பின்னி, தண்ணீர் மேல் மிதக்கிற பாய் அது. சில இடத்தில் ஆள் தாங்கும், சில இடத்தில் தாங்காது. எந்த இடம் என்பது காலை வைத்த பிறகுதான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், வாத்து சுடப் போன ஒருவர் அதில் இறங்கிவிட்டார். மறுநாள் காலையில்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். அந்த வாரம்தான் அவருக்கு நான் முடி வெட்டியிருந்தேன். அவர் பிடரியில் இருந்த சுழி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

நான் என் இடத்துக்குப் போய் நின்றேன். இருட்டிக்கொண்டு வந்தது. கீச்சான்கள் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, சீக்கிரமே எண்ண முடியாத அளவுக்குக் கூடிக் கத்தின. காதுக்குள் ஊசி இறக்குகிற மாதிரி இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். இடது பக்கம் சிறுத்தைத் தவளை குறட்டை விட்டது. எங்கோ ஒரு சாதாரணத் தேரை நீளமாக இழுத்தது. எல்லாம் தெரிந்த குரல்கள்.

அப்போதுதான் அது கேட்டது.

வாஆஆ.

மூக்கடைத்த குழந்தை வீறிடுகிற மாதிரி. மணல்மேட்டுத் திசையிலிருந்து. முதல் நொடி பயந்துதான் போனேன், மறைப்பானேன். அடுத்த நொடியே பெயர் வந்துவிட்டது. ஃபெர்ன் எங்களுக்குப் போட்டுக் காட்டுகிற ஒலித்தட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஃபௌலர் தேரை. அப்பாடா என்றிருந்தது. மறுபடி கேட்டது. வாஆஆ. எல்மர் சொன்னது சரி! நான் இருட்டில் நின்று தனியாகச் சிரித்தேன். என் புருஷன் காது பொய் சொல்லவில்லை.

போனை எடுத்துப் பதிவு செய்தேன். அடுத்தடுத்து அது கூப்பிட்டது. ஃபெர்னுக்கு அனுப்பினேன். அனுப்பி மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது.

"வாண்டா! நிஜமாவா? இப்பவா? இந்த நிமிஷமா?"

"இப்பத்தான் ஃபெர்ன். மணல்மேட்டுப் பக்கம். விடாமக் கூப்பிடுது."

"அதேதாம்மா. அந்த மூக்கு, அந்த இழுவை... கடவுளே! இந்தக் குளிர்லயா கூப்பிடுது? சரி, கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போகட்டும், தேரைக்கு யாரு உத்தரவு போடறது? இதோ பாரு, நீ அசையாத. டார்ச் அடிக்காத. கிட்டப் போயிடாத. பயந்துடுச்சுன்னா வாயை மூடிக்கும்."

"எல்மர்தான் முதல்ல கேட்டான். அவன்கிட்ட நீங்க மன்னிப்புக் கேக்கணும்."

"முட்டி போட்டுக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

அந்த நேரம் பார்த்து அது மறுபடியும் அலறியது. இந்தத் தடவை நீளமாக.

"கேக்குது! போன்லயே கேக்குது!" என்று ஃபெர்ன் கத்தினார். அவர் குரல் கம்மியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் கண் கலங்கியது. இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பேசாமல், அது கூப்பிடக் கூப்பிடக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

போனை வைத்தபின் நான் அசையவில்லை. ஃபெர்ன் சொன்னபடியே நின்றேன். டார்ச்சைத் தொடவில்லை. இன்னும் சில தடவை கேட்டது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. குரலும் மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. தேரை ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தாளில் எழுதினேன்: ஃபௌலர் தேரை, ஒன்று.

எல்மருக்காகக் காத்திருந்தேன். அவனும் கேட்டிருப்பான், தலைகால் புரியாமல் ஓடி வருவான், வந்ததும் என்ன சொல்லிச் சீண்டலாம் என்று யோசித்தேன். 'கெட்டில்தான் ஊதுதோன்னு நெனச்சேன்' என்று சொல்லலாமா? மணல்மேட்டுப் பக்கம் டார்ச் வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. மூடுபனி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கரை வழியாக வருகிற காலடிச் சத்தமும் இல்லை. ரப்பர் பூட்ஸ் நடந்தால் தொப்தொப்பென்று கேட்கும். அதுவும் இல்லை. அவன் பதிவு செய்துகொண்டிருந்தால் கெட்டுவிடும் என்று போன் அடிக்கவில்லை. குளிர் ஏறியது. பயமெல்லாம் இல்லை அப்போது. லேசான எரிச்சல்தான்.

பொழுது போகாமல்தான் அந்தப் பதிவை மறுபடி போட்டேன். கீச்சான்கள் இரைச்சலில் சரியாகக் கேட்காது என்று போனைக் காதோடு அழுத்தி, மறுகாதை விரலால் அடைத்துக்கொண்டேன். வாஆஆ. சுகமாக இருந்தது. இரண்டாவது. வாஆஆ. மூன்றாவது கூப்பாட்டில் ஏதோ இடறியது. பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன்.

ஃபௌலர் தேரை அலறி முடித்தால் கத்தரியால் வெட்டினாற்போல நின்றுவிடும். வால் கிடையாது. இதற்கு வால் இருந்தது. இழுத்து இழுத்து மூச்சு முடிகிற இடத்தில், சின்னதாக ஒன்று விழுந்தது. 'டா.'

வாஆஆ... டா.

வாஆஆண்டா.

என் பெயர்.

போன் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்து, அங்கேயும் அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக அடுக்களையிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் என்னைக் கூப்பிட்ட குரல். அதைக் கேட்டுச் சிரித்தேன். பதிவு செய்தேன். இன்னொருத்திக்கும் போட்டுக் காட்டினேன். குரல் மணல்மேட்டிலிருந்து வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதே திசைதான், ஆனால் கிட்டத்தில். நடுவில். கோரைக்குள். தேரை கோரைக்குள்ளே ஆழத்துக்குப் போகவே போகாது, மணல் ஓரத்தில்தான் உட்காரும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

போனைத் தேடி எடுத்து அவசர எண்ணுக்கு அடித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. தீயணைப்பு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், தண்ணீரில் இறங்காதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"எல்மர்!" என்று கத்தினேன். டார்ச்சை இப்படியும் அப்படியும் அடித்தேன். மூடுபனி வெளிச்சத்தை வாங்கி என் மேலேயே திருப்பிப் பூசியது. எங்கே பார்த்தாலும் ஒரே கோரை. கரை மேலேயே ஓடினேன், நின்று கத்தினேன், திரும்பி ஓடினேன். கிட்டே இருந்த கீச்சான்கள் என் சத்தத்துக்கு அடங்கின. தூரத்தில் இருந்தவை அடங்கவில்லை. அந்த இரைச்சலைத் தாண்டி ஒரு மனிதக் குரல் வருவதென்றால் உயிரைக் கொடுத்துக் கத்த வேண்டும். அவன் ஏற்கனவே உயிரைக் கொடுத்துக் கத்தி முடித்திருந்தான்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அதைச் செய்யத்தான் தைரியம் வரவில்லை.

தவளைகள் மனிதன் கிட்டே வந்தால் வாயை மூடிக்கொள்ளும். அவன் இருக்கிற இடம் மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். அது எங்கே என்று கேட்டால் போதும். ஆனால் கேட்க வேண்டுமானால் என்னைச் சுற்றி அடங்கினவை எல்லாம் மறுபடி கத்தத் தொடங்க வேண்டும். அதற்கு நான் விளக்கை அணைக்க வேண்டும். வாயை மூட வேண்டும். அசையாமல் நிற்க வேண்டும். என் புருஷன் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கையில், அவன் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு, நான் மரம் மாதிரி நிற்க வேண்டும்.

அணைத்தேன்.

அந்த நேரத்தைப் பற்றி என்ன சொல்ல? பல் கிடுகிடுவென்று ஆடியது. அந்தச் சத்தம்கூடத் தவளைக்குக் கேட்குமோ என்று கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். ஓடு ஓடு என்று கால் துடித்தது. கடவுளைக் கூப்பிட்டேன், திட்டவும் செய்தேன். காலடியில் ஒரு கீச்சான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. சத்தம் வட்டம் வட்டமாக வெளியே பரவி, தூரத்துச் சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததும் தெரிந்தது. அடர்ந்த தலைமுடிக்கு நடுவில் ஒரு சொட்டை விழுந்தாற்போல, எனக்கு நேர் எதிரே, கொஞ்சம் வலது பக்கம், ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் சத்தமே இல்லை. எங்கும் கத்துகிறது, அங்கே இல்லை.

அங்கேதான் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அசைகிறான், அதனால்தான் அவை பயந்திருக்கின்றன.

திசையை மனதில் பிடித்துக்கொண்டு காலை எடுக்கப் போனேன். அந்தச் சொட்டைக்குள்ளிருந்து ஒரு கீச்சான் கத்தியது.

ஒன்றே ஒன்று. பிறகு இன்னொன்று.

மனிதன் அசையாமல் இருந்தால் தவளைகளுக்குப் பயம் தெளிந்துவிடும். அவனைக் கட்டையென்று நினைத்துக்கொண்டு அவை பாட்டுக்குக் கத்தும். மூன்று, நான்கு என்று சத்தம் சேரச் சேர, அந்தச் சொட்டை என் காது முன்னாலேயே மூடிக்கொண்டு வந்தது.

அவன் அசையவில்லை.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. கரையிலிருந்து சரிந்து கோரைக்குள் விழுந்தேன். நின்றால் மூழ்குவேன் என்று புத்தி சொன்னது. குப்புறப் படுத்து, கையையும் காலையும் விரித்துப் பல்லி மாதிரி ஊர்ந்தேன். பாய் எனக்கடியில் அலையாக எழுந்து எழுந்து இறங்கியது. குளிர்ந்த தண்ணீர் சட்டைக்குள் புகுந்து வயிற்றைத் தொட்டபோது வாய்விட்டு அலறினேன். முப்பது வருடமாகக் கணுக்காலைக் காட்டாத தண்ணீர். கோரை முகத்தைக் கிழித்தது. "வர்றேன் எல்மர், வர்றேன், செத்துத் தொலைஞ்சிடாத" என்று சொல்லிக்கொண்டே போனேன். சத்தம் போட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா, தெரியாது.

மறுபடி போட்ட டார்ச் வெளிச்சத்தில் முதலில் கைதான் தெரிந்தது. ஒரு கொத்துக் கோரையை இறுக்கிப் பிடித்திருந்த கை. அக்குள் வரை சேற்றில் இறங்கி, தலையைப் பின்னால் சாய்த்து, தாடை வரை தண்ணீரோடு எல்மர் இருந்தான். கண் திறந்திருந்தது. அவன் காதுக்கு அரைச் சாண் தள்ளி, வளைந்த ஒரு கோரைத் தண்டில் கீச்சான் ஒன்று கழுத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தண்ணீரில் குதித்தது.

"எல்மர்."

கண் என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். அதற்கே எனக்குப் போன உயிர் வந்தது.

சட்டைக் காலரைப் பிடித்து என் கைமுட்டியில் சுற்றிக்கொண்டேன். தூக்க முடியவில்லை, பூட்ஸ் நிறையத் தண்ணீர், அதற்குக் கீழே சேறு. இன்னும் இறங்காமல் பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. குப்புறப் படுத்தபடி அவன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துத் திட்ட ஆரம்பித்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்? முடி வெட்ட வருகிறவர்கள் தூங்கிவிடக் கூடாது என்று பேசிக்கொண்டே இருக்கிறவள் நான்.

"குறுக்கே போகாதன்னு சொன்னேனா இல்லையா? காது கேக்கலைன்னாலும் கண்ணுமா இல்ல? கண்ணை மூடாத! மூடினா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன். பாரு, என்னைப் பாரு. பாக்க நல்லாத்தான் இல்ல, பரவாயில்ல, பாரு!"

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இடுப்புப் பையில் என் போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. நின்றது, மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. ஃபெர்ன்தான் என்று எனக்குத் தெரியும். அவர் சந்தோஷத்தை அடக்க முடியாமல் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, மேலும் கேட்க வேண்டும் என்று கூப்பிடுகிறார். என் விரல்கள் மரத்துப்போயின. காலரைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன். கை விட்டால் எனக்கே தெரியாமல் விட்டுவிடும் என்ற பயம்தான் அன்றைக்குப் பட்ட பயங்களிலேயே பெரிது.

கரையில் விளக்குகள் வந்தன. தீயணைப்பில் இருக்கிற டார்சி பெல், ஏணியைக் கோரை மேல் படுக்கப் போட்டு அதன் மேல் தவழ்ந்து வந்தான். இடுப்பில் கயிறு.

"வாண்டா, விடுங்க. நான் பிடிச்சிட்டேன்."

"நீ பிடிச்சிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பிடிச்சிட்டேன். பாருங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன். விடுங்க."

என் விரல்களை அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தான். எல்மரைப் பூட்ஸிலிருந்து உருவி எடுத்தார்கள். பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கும்.

ஆம்புலன்ஸில் அவனை வெள்ளித்தாள் மாதிரி ஒன்றில் சுற்றி, மேலே கம்பளிகளைப் போட்டிருந்தார்கள். உதடு நீலம். நடுக்கம் ஆரம்பித்திருந்தது, நடுங்குவது நல்லதுதான், உடம்பு சண்டை போடுகிறது என்று கூட இருந்த பெண் சொன்னாள். நான் அவன் பாதத்தை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போனை எடுத்துப் பார்த்தபோது தவளைக்காரர்கள் எல்லோரும் ஆளாளுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். யாரோ கண்ணீர் விடுகிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அணைத்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து எல்மருக்குக் குரல் வந்தது. குரல் என்று சொல்வதற்கில்லை, காற்றுதான்.

"வெளிச்சம் தெரிஞ்சுது. அதைப் பார்த்துட்டேதான் இருந்தேன். அப்புறம் அணைஞ்சு போச்சு. அப்பதான் ரொம்பப் பயந்தேன்."

"நீ எங்க இருக்கேன்னு கேக்கறதுக்காகத்தான் அணைச்சேன்."

அவன் அதை யோசித்தான். புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். வண்டி வளைவில் திரும்பியது. பிறகு கேட்டான்.

"முன்னாடி நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கீச்சான் இரைச்சலில் கேட்கவில்லை என்றால் அவன் நம்பியிருப்பான், உலகமே நம்பியிருக்கும். 'இல்ல' என்று சொல்ல என் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் வரவில்லை.

"கேட்டுச்சு" என்றேன்.

அவன் கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பினான்.

"தேரைன்னு நெனச்சேன் எல்மர். ஃபௌலர் தேரைன்னு. ஃபெர்னும் அதேதான்னு சொன்னாங்க. அசையாதன்னாங்க. நீ சொன்னது சரின்னு எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? உன்கிட்டச் சொல்லணும்னுதான் நின்னுட்டே இருந்தேன்."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் சிரிக்கிறவன். சிரித்துவிட்டானானால் இதையும் ஒரு கதையாக்கி, கீழ்க்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லி, நானும் சேர்ந்து சிரித்துவிடலாம். அவன் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுக்கத்தில் கம்பளி அசைந்தது.

"எழுதிட்டியா?" என்றான்.

"எழுதிட்டேன்."

"எத்தனைன்னு எழுதின?"

"ஒண்ணு" என்றேன்.

அவன் கண்ணை மூடினான்.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றான். "அங்க நான் மட்டும்தான் இருந்தேன்."